ராக்கி ஃப்ளாட்ஸ்: வீடு பார்க்க வருபவர்களும் விருந்தாளிகளும் என்னிடம் கேட்டவை

கொலராடோ மாநிலத்தில் ப்ரூம்ஃபீல்டு என்ற ஊரில் குடியிருக்கிறேன். எங்களுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் ராக்கி ஃப்ளாட்ஸ், முன்பு அணு ஆயுத ஆலை இருந்த இடம். இந்தப் பக்கம் வேலை மாறி வருகிற நம் ஆட்கள் வீடு பார்க்கும்போது ஏஜெண்ட் ஒரு காகிதத்தை நீட்டுவார். அதில் அந்தப் பெயர் இருக்கும். அன்று ராத்திரியே எனக்கு போன் வரும். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நான் விஞ்ஞானி இல்லை. பக்கத்து ஊரான போல்டரின் நூலகத்தில் அந்த ஆலையின் அந்தக் காலத்துத் தொழிலாளர்களும் போராட்டக்காரர்களும் பேசிய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அதில் தொடங்கிய பைத்தியம் இது.

"ஏம்மா, இவ்வளவு நிலத்தை வேலி போட்டு சும்மா விட்டிருக்காங்களே, யாரோடது இது?"

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் காரில் போகும்போது கேட்டது. அவர் கண்ணில் பட்டது புல்வெளியும் அதற்குப் பின்னால் மலையும்தான். எழுபது எண்பதுகளில் அதே சாலையில் போயிருந்தால் காவல் கோபுரம், முள்வேலி, நூற்றுக்கணக்கான கட்டடங்கள் எல்லாம் தெரிந்திருக்கும். டென்வர் நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 1952 முதல் 1989 வரை அமெரிக்காவின் அணுகுண்டுகளுக்கு வேண்டிய, புளூட்டோனியம் என்ற கதிரியக்க உலோகத்தாலான உருண்டைகளை இங்கேதான் செய்தார்கள்.

அந்த உருண்டைக்கு 'பிட்' என்று பெயர். பழத்துக்குள் இருக்கும் கொட்டை என்ற பொருளில் வைத்தது. கிட்டத்தட்ட சாத்துக்குடி அளவு. ஹைட்ரஜன் குண்டு வெடிக்க முதலில் ஓர் அணுகுண்டு வெடிக்க வேண்டும். அந்த முதல் குண்டின் உள்ளுயிர் இதுதான். சுமார் 70,000 பிட்கள் இங்கிருந்து டெக்சாஸுக்குப் போய், அங்கே குண்டுகளாகச் சேர்க்கப்பட்டன.

"அணு மின்நிலையம்னு சொன்னாங்களே?"

இல்லை. இங்கே உலை கிடையாது, மின்சாரமும் தயாரிக்கவில்லை. இது உலோகப் பட்டறை. புளூட்டோனியத்தை உருக்கி, வார்த்து, கடைந்து, மெருகேற்றுகிற இடம். சொந்தக்காரர் மத்திய அரசு. நடத்தியது ஒப்பந்த நிறுவனங்கள்: 1975 வரை டவ் கெமிக்கல், பிறகு 1989 வரை ராக்வெல்.

பட்டறை என்பதை மனதில் வையுங்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். உலோகம் கடைந்தால் பிசிறும் தூளும் விழும். புளூட்டோனியப் பிசிறு காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும்.

"ஊர்ப் பக்கத்துல கட்டும்போது ஜனங்க சும்மாவா இருந்தாங்க?"

சும்மா இருக்கவில்லை, கொண்டாடினார்கள். 1951 மார்ச்சில் அறிவிப்பு வந்தபோது உள்ளூர்ப் பத்திரிகைக்கு அது நல்ல செய்தி. 4.5 கோடி டாலர் முதலீடு, ஆயிரக்கணக்கில் வேலை. உள்ளே என்ன செய்யப் போகிறார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது காற்றின் போக்கைக் கணக்கிட்டது டென்வரின் அந்தக் கால விமான நிலையத்தில். மலையடிவாரத்தில் அடிக்கிற காற்று வேறு ஜாதி.

அந்தக் காற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்று சில நாள் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியை மூன்று வீடு தள்ளிப் போய் எடுத்து வந்திருக்கிறேன். 2021 டிசம்பர் 30 அன்று பக்கத்து ஊர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே பகலில் எரிந்ததும் இந்தக் காற்றால்தான். இந்தக் காற்று கிழக்கு நோக்கி அடிக்கும். கிழக்கே இருப்பது நாங்களும் டென்வரும்.

"அப்ப முதல்ல யார் சந்தேகப்பட்டாங்க?"

இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்வேன், எனக்குப் பிடித்த பகுதி.

1969 மே 11, அன்னையர் தினம். உள்ளே கையுறைப் பெட்டிகள் வரிசையாகத் தீப்பிடித்தன. சுவரில் பதித்த ரப்பர் கையுறைக்குள் கைவிட்டு வேலை செய்கிற கண்ணாடிப் பெட்டிகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதுவரை அமெரிக்கா கண்ட தொழிற்சாலை விபத்துகளிலேயே அதிகச் செலவு வைத்தது அது. புளூட்டோனியம் இருக்கும் இடத்தில் தண்ணீர் அடித்தால் அணுத்தொடர்வினையே தொடங்கிவிடலாம் என்ற பயம் இருந்தும், தீயணைப்பாளர்கள் வேறு வழியில்லாமல் தண்ணீரை அடித்தார்கள். கூரை தாங்கியது. தாங்காமல் போயிருந்தால் இந்தப் பக்கமே வேறு கதையாகியிருக்கும்.

ஆபத்தான அளவில் எதுவும் வெளியேறவில்லை என்றது நிர்வாகம். போல்டரில் வளிமண்டல ஆராய்ச்சி மையத்தில் எட்வர்ட் மார்ட்டெல் என்ற அணு வேதியியலாளர் இருந்தார். முன்னாள் ராணுவ அதிகாரி, அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சுத் தூசியை ஆராய்ந்தவர். அவரும் சுற்றுச்சூழல் தகவலுக்காகச் சில விஞ்ஞானிகள் நடத்திய குழுவும், வெளியே மண்ணை எடுத்துப் பாருங்கள் என்று கேட்டார்கள். நிர்வாகம் மறுத்தது. தாங்களே போய் வேலிக்கு வெளியே கிழக்குப் பக்க மண்ணை அள்ளினார்கள். ஆழமாகத் தோண்டவில்லை, மேலாக ஒரு சென்டிமீட்டர் சுரண்டினார்கள். காற்றில் கிளம்பி மூக்குக்குள் போவது மேல் மண்தான் என்பது அவர் கணக்கு. புளூட்டோனியம் இருந்தது. 1970 தொடக்கத்தில் அதைப் பகிரங்கமாகச் சொன்னார்கள்.

அதற்கு வந்த பதில்தான் வேடிக்கை. "உங்கள் அளவு சரிதான், ஆனால் அது இந்தத் தீயால் வந்ததில்லை" என்றார்கள். பின்னே? "வேறொரு இடத்தில் பீப்பாய்கள் ஒழுகின." 1957 செப்டம்பர் 11 அன்று இன்னொரு பெரிய தீ நடந்ததும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஒரு திருட்டை மறுக்கப் போய் இன்னும் இரண்டை ஒப்புக்கொண்ட கதை.

"என்ன பீப்பாய் அது? எத்தனை?"

கடைசல் எந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய், கரைப்பான்கள், அவற்றோடு கலந்த புளூட்டோனியத் தூள். இவற்றைப் பீப்பாயில் அடைத்து 1958 முதல் வெட்டவெளியில் அடுக்கி வைத்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேல். மழை, வெயில், பனி. பீப்பாய் துருப்பிடித்து ஒழுகியது. 1967, 68 வாக்கில் அவற்றை அகற்றினார்கள். தரையைக் கிளறியபோது, மேலே சொன்ன காற்று மிச்ச வேலையைப் பார்த்தது. பிறகு அந்த இடத்தின் மேல் தார் போட்டு மூடினார்கள். வேலிக்கு வெளியே போன புளூட்டோனியத்தில் பெரும்பங்கு இந்த ஒரு திடலிலிருந்து போனதுதான் என்று 1990களில் மாநில அரசு நடத்திய ஆய்வே சொல்கிறது. 903 திடல் என்று எங்காவது படித்தால் இதுதான்.

"ப்ரூம்ஃபீல்டு தண்ணியில கலந்துச்சாமே? குழாய்த் தண்ணி குடிக்கலாமா?"

1973இல் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன், ஆலையிலிருந்து வால்நட் ஓடை வழியாக வந்து எங்கள் ஊர்க் குடிநீர்த் தேக்கத்தில் சேர்ந்தது. கண்டுபிடித்தது ஆலை அல்ல, மாநில சுகாதாரத் துறை. இங்கே டிரிட்டியம் கையாளவே இல்லை என்றுதான் முதலில் பதில் வந்தது.

அந்தத் தேக்கம் இப்போது குடிநீருக்குப் பயன்படவில்லை. 1990களில் மத்திய அரசுப் பணத்தில் ஊருக்கு வேறு நீர் ஆதாரம் கிடைத்தது. குழாய்த் தண்ணீரை நான் குடிக்கிறேன், நீங்களும் குடிக்கலாம்.

"தண்டவாளத்துல உக்காந்து சத்தியாகிரகம் பண்ணாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?"

வார்த்தைக்கு வார்த்தை நிஜம். அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'ராக்கி ஃப்ளாட்ஸ் ட்ரூத் ஃபோர்ஸ்'. சத்தியாகிரகம் என்பதற்கு காந்தி தந்த ஆங்கிலப் பெயரே அதுதான்.

இதற்கு முன்பே 1974இல் குவேக்கர் என்ற, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரின் சேவை அமைப்பு தந்த உதவியோடு ராக்கி ஃப்ளாட்ஸ் செயற்குழு தொடங்கிவிட்டது. ஜூடி டேனியல்சன், பாம் சோலோ என்ற இரு பெண்கள் முன்னின்றார்கள். அந்த அழுத்தத்தில்தான் ஆளுநர் ரிச்சர்ட் லாமும் நாடாளுமன்ற உறுப்பினர் டிம் விர்த்தும் விசாரணைக் குழு போட்டார்கள். மனு, கூட்டம், அறிக்கை என்று நாலு வருடம் போனது. பிறகு 1978 ஏப்ரல் 29: சுமார் ஐயாயிரம் பேர் ஆலை வாசலில் கூடினார்கள். கூட்டம் கலைந்தபின் முப்பத்தைந்து பேர் அளவில் வீட்டுக்குப் போகவில்லை. ஆலைக்குள் சரக்கு போகும் ரயில் பாதையில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் கைது செய்தார்கள். அடுத்த செட் வந்து உட்கார்ந்தது. இப்படியே மாதக்கணக்கில். வியட்நாம் போர் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க் உட்கார்ந்தார். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் தண்டவாளத்தில் தியானம் செய்து கைதானார்.

நவம்பரில் கோல்டன் நகர நீதிமன்றத்தில் வழக்கு. "பெரிய தீங்கைத் தடுக்கச் சின்னச் சட்டத்தை மீறினோம்" என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை ஜூரி கணக்கில் எடுக்க நீதிபதி விடவில்லை. அத்துமீறி நுழைந்த குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் கதிர்வீச்சு பற்றி நிபுணர்கள் சாட்சிக் கூண்டில் சொன்னதெல்லாம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

"மனிதச் சங்கிலி போட்டதும் அப்பவா?"

அது பின்னால், 1983 அக்டோபர் 15. இடையில் 1979 ஏப்ரலில், த்ரீ மைல் ஐலண்ட் அணு மின்நிலைய விபத்து நடந்து ஒரு மாதத்தில், சுமார் பதினைந்தாயிரம் பேர் கூடினார்கள். மறுநாள் இருநூற்று எண்பது பேருக்கு மேல் கைது. 83இல் ஆலையைச் சுற்றி 27 கிலோமீட்டர், கைகோத்து வளையம் போட முயன்றார்கள். பதினைந்தாயிரம் பேர் அளவில் வந்தும் வளையம் முழுசாக மூடவில்லை, சில இடத்தில் ஆள் போதவில்லை. போஸ்டர்களில் முழு வட்டமாக வரைந்திருப்பார்கள், நம்ப வேண்டாம்.

"ஒரு டாக்டரை வேலையை விட்டுத் தூக்கினாங்களாமே?"

கார்ல் ஜான்சன். ஆலை இருந்த ஜெஃபர்சன் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) சுகாதார இயக்குநர். ஆலைக்குப் பக்கத்தில் வீட்டுமனை போட அனுமதி கேட்டு வந்தபோது, முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்றார். அதுவும் மார்ட்டெல் செய்ததைவிட ஒரு படி மேலே போய், மூச்சில் நுழையும் அளவுக்கு மெல்லிய தூசியை மட்டும் தனியாகப் பிரித்து அளந்தார். மாநில அரசின் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம் வந்தது. பிறகு புற்றுநோய்ப் பதிவுகளை எடுத்து, ஆலைக்கு அருகே வர வர நோய் கூடுவதாக எழுதினார்.

அந்தக் காலத்தில், எழுபதுகளின் கடைசியில், மத்திய வீட்டுவசதித் துறை உதவியோடு இந்தப் பக்கம் வீடு வாங்கியவர்கள் ராக்கி ஃப்ளாட்ஸ் பற்றிய எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மனை வியாபாரிகளுக்கு எப்படி இருந்திருக்கும்? சில வருடத்தில் அந்தத் தாள் நின்றது. 1981இல் ஜான்சன் பதவியை விட்டு வெளியேற்றப்பட்டார். அவர் புற்றுநோய் ஆய்வு சரியா தவறா என்பது வேறு விஷயம், அதைக் கீழே சொல்கிறேன். அளந்து பார்க்கச் சொன்னதற்குத்தான் வேலை போனது என்றே எனக்குப் படுகிறது.

"உள்ள வேலை பார்த்தவங்க இவங்களை எப்படிப் பார்த்தாங்க?"

பெரும்பாலும் கோபமாக. நல்ல சம்பளம், வலுவான தொழிற்சங்கம், நாட்டைக் காக்கிறோம் என்ற பெருமை. ஷிப்டு முடிந்து வரும்போது வாசலில் ஒருவர் உங்கள் வேலையைக் 'கொலைத் தொழில்' என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றால் கோபம் வரத்தான் செய்யும். ஒலிப்பதிவுகளில் வயதான தொழிலாளர்கள் பேசுவதைக் கேட்டபிறகு, போராட்டக்காரர்கள் இந்த இடத்தில் சறுக்கினார்கள் என்றே எனக்குப் படுகிறது. முதல் பாதிப்பு உள்ளே இருந்தவர்களுக்குத்தான். புளூட்டோனியம் மட்டுமில்லை, பெரிலியம் என்ற இன்னொரு உலோகத்தின் தூளால் நுரையீரல் கெட்டவர்கள் பலர். அவர்களுக்கு இழப்பீடு தரும் மத்தியச் சட்டம் 2000இல்தான் வந்தது. வந்தபிறகும், எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினாய் என்று ஆவணத்தோடு நிரூபிக்கச் சொல்லி அலைக்கழித்தார்கள்.

உள்ளே இருந்தே பேசியவர்களும் உண்டு. ஜிம் ஸ்டோன் என்ற பொறியாளர், கழிவுச் சேற்றை சிமெண்டில் கலந்து கட்டியாக்கும் திட்டம் வேலைக்கு ஆகாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். 'பாண்ட்கிரீட்' என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் வார்த்தார்கள். பல கட்டிகள் இறுகவே இல்லை, உப்புமா பதத்தில் பெட்டிக்குள் சரிந்து கிடந்தன.

"எஃப்.பி.ஐ. ரெய்டுன்னு சொல்றது சினிமாக் கதையா?"

இல்லை. எஃப்.பி.ஐ. என்பது மத்திய அரசின் புலனாய்வுத் துறை. அரசின் ஒரு துறை இன்னொரு துறையின் அணு ஆயுத ஆலைக்குள் சோதனைக்கு நுழைந்தது நிஜம். 1989 ஜூன் 6. அதற்கு முந்தைய டிசம்பரில், ராத்திரியில் விமானத்தில் பறந்து வெப்பம் காட்டும் கேமராவால் ஆலையைப் படம் எடுத்திருந்தார்கள். கழிவைத் திருட்டுத்தனமாக எரிக்கிறார்கள் என்ற சந்தேகம். ஆயுதக் காவல் உள்ள இடத்துக்குள் எப்படி நுழைவது? தீவிரவாத மிரட்டல் பற்றிப் பேச வருகிறோம் என்று சொல்லி உள்ளே போய், உட்கார்ந்தபிறகு சோதனை உத்தரவைக் காட்டினார்கள். எஃப்.பி.ஐ.யில் ஜான் லிப்ஸ்கி இதை நடத்தினார். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் கூட வந்தது.

"அப்புறம் யாரையாவது ஜெயிலுக்கு அனுப்பினாங்களா?"

ஒருவரையும் இல்லை. வழக்குப் போட ஆதாரம் உண்டா என்று பார்க்கும், சாதாரண ஜனங்களைக் கொண்ட கிராண்ட் ஜூரி இரண்டரை வருடம் சாட்சிகளை விசாரித்தது. தலைவர் வெஸ் மெக்கின்லி, மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலிருந்து வந்த பண்ணைக்காரர். எட்டு பேர் மேல் வழக்குப் போட வேண்டும் என்று ஜூரர்கள் விரும்பினார்கள், அரசு அதிகாரிகள் உட்பட. அரசு வழக்கறிஞர் ஒப்பவில்லை. 1992 மார்ச்சில் ராக்வெல் பத்துக் குற்றங்களை ஒப்புக்கொண்டு 1.85 கோடி டாலர் அபராதத்தோடு முடித்துக்கொண்டது.

ஜூரர்கள் தாங்களாகவே ஓர் அறிக்கை எழுதினார்கள். நீதிபதி அதைப் பூட்டி வைத்தார். அதே வருடம் டென்வர் வாரப் பத்திரிகை ஒன்றில் அது கசிந்தது. பின்னர் ஒரு பகுதி மட்டும் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. கேட்டதை வெளியே சொன்னால் ஜூரர்களுக்கே சிறை என்பது சட்டம். மெக்கின்லி பிறகு மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அந்த நிலத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை.

"போராட்டத்தாலதான் மூடினாங்கன்னு சொல்லலாமா?"

நேராக 'ஆமாம்' என்று சொல்ல மாட்டேன். ரெய்டுக்குப் பிறகு 1989இல் உற்பத்தி நின்றது, பாதுகாப்பைச் சரிசெய்து மீண்டும் தொடங்குவதாகத்தான் திட்டம். அதற்குள் சோவியத் யூனியன் கலைந்தது. 1992 ஜனவரியில் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் டிரைடென்ட் ஏவுகணைக்கான குண்டுகளின் தயாரிப்பை அதிபர் புஷ் நிறுத்தினார். ஆலைக்கு வேலை இல்லாமல் போனது.

ஆனால் மார்ட்டெலும் அவர் கூட்டாளிகளும் மண்ணைச் சுரண்டாமல் இருந்திருந்தால்? ஊர்க்காரர்கள் சந்தேகப்படவே கற்றிருக்க மாட்டார்கள். சுகாதாரத் துறை ஓடைத் தண்ணீரைத் துருவியிருக்குமா, புலனாய்வு அதிகாரிக்கு விமானம் கொடுக்க மேலிடம் சம்மதித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"சுத்தம் பண்ணியாச்சுன்னு போர்டே இருக்கே. அப்புறம் என்ன?"

எவ்வளவு சுத்தம் என்பதுதான் கேள்வி, அதிலும் ஊர்க்காரர்களின் கை இருக்கிறது. 1995இல் அரசு போட்ட மதிப்பீடு 3,700 கோடி டாலர், அறுபது வருடத்துக்கு மேல். முடித்தது 2005இல், சுமார் 700 கோடியில். எண்ணூறு கட்டடங்களுக்கு மேல் இடித்தார்கள். பெரிய சாதனை என்பார்கள், பாதி உண்மை. இன்னொரு பாதி, எதைச் சுத்தம் என்று வரையறுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

1996இல் அதிகாரிகள் வைத்த அளவு: ஒரு கிராம் மண்ணில் 651 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) வரை புளூட்டோனியம் இருக்கலாம். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். சண்டை போட்டு, அரசுப் பணத்திலேயே, ஆனால் தாங்கள் தேர்ந்தெடுத்த நிபுணர்களை வைத்து மறுகணக்குப் போட வைத்தார்கள். அவர்கள் சொன்னது 35. கடைசியில் 50 என்று முடிந்தது. அதுவும் மேல் மூன்று அடிக்கு. மூன்றிலிருந்து ஆறு அடி வரை 1,000 வரை விடலாம். அதற்குக் கீழே வரம்பே இல்லை. சில கட்டடங்களின் அடித்தளங்கள் மண்ணுக்கடியில் அப்படியே இருக்கின்றன. ஆலை நின்ற நடுப்பகுதி, சுமார் 1,300 ஏக்கர், இன்றும் எரிசக்தித் துறை வசம், யாரும் போக முடியாது. சுற்றியுள்ள ஐயாயிரம் ஏக்கர்தான் வனவிலங்குப் புகலிடம்.

மூன்றடிக்குக் கீழே இருப்பது அங்கேயே இருக்கும் என்று நம்புகிறார்கள். வளை தோண்டும் பிராணிகள் நிறைந்த புல்வெளி இது. அவற்றிடம் யார் மூன்றடிக் கணக்கைச் சொல்வது என்று கூட்டங்களில் கேட்பார்கள். புளூட்டோனியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 24,000 வருடம்.

"கேன்சர் இங்க அதிகமா? நேரா சொல்லுங்க அக்கா."

ஜான்சன் அதிகம் என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள், நகர்ப்புறத்தில் எப்படியும் புற்றுநோய் கூடுதலாகத்தான் பதிவாகும், அதைக் கழித்தால் ஆலையின் பாதிப்பு தெரியவில்லை என்றார்கள். மாநில சுகாதாரத் துறை 2016, 2017இல் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தபோதும் பெரிய வேறுபாடு கிடைக்கவில்லை. ஊர்க்காரர்கள் சொல்லும் மறுப்பிலும் நியாயம் உண்டு: அந்தப் பதிவேடு நோய் கண்டுபிடித்த நாளில் எங்கே குடியிருந்தார்கள் என்பதைத்தான் பார்க்கும். சின்ன வயதில் ஆலைக்குக் கிழக்கே வளர்ந்து, பிறகு கலிஃபோர்னியா போய் அங்கே நோய் வந்தவர் அதில் இல்லை. நேற்றுக் குடிவந்தவர் இருப்பார்.

'இங்கே எல்லாருக்கும் கேன்சர்' என்று பரப்புகிறவர்களையும் நம்பாதீர்கள், 'ஒன்றுமே இல்லை' என்று சிரிக்கிற ஏஜெண்டையும் நம்பாதீர்கள்.

"375 மில்லியன் டாலர் இழப்பீடு வந்துச்சாமே, இப்ப வீடு வாங்குறவங்களுக்கும் உண்டா?"

கிடையாது. பக்கத்தில் சொத்து வைத்திருந்தவர்கள் டவ், ராக்வெல் நிறுவனங்கள் மேல் போட்ட அந்த வழக்கு 1990இல் தொடங்கி, ஜூரி முன் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, மறுபடி உயிர்பெற்று, 2016இல் 37.5 கோடி டாலருக்குச் சமாதானமாக முடிந்தது. 1989 ஜூன் 7 அன்று, அதாவது ரெய்டுக்கு மறுநாள், குறிப்பிட்ட பகுதியில் சொத்து வைத்திருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் மட்டும். சொத்து மதிப்பு இறங்கியதற்குத்தான் அந்தப் பணம், நோய்க்கு இல்லை.

"2019ல மறுபடி ஏதோ கிடைச்சுதுன்னு சொன்னாங்க. அப்படின்னா வீடு வாங்கவே கூடாதா?"

புகலிடத்தின் கிழக்கு ஓரமாகச் சுங்கச் சாலை போடத் திட்டமிட்டு மண் எடுத்தார்கள். ஒரு மாதிரியில் 264 பிகோகியூரி. மேலே சொன்ன வரம்பு 50. அதே மாதிரியின் மறுபாதியை அளந்தால் மிகக் குறைவு. எது சரி? இரண்டுமே சரி. புளூட்டோனியம் மண்ணில் உப்பு மாதிரி கரைந்து பரவியிருக்காது, பொங்கலில் மிளகு மாதிரி கிடக்கும். ஒரு கரண்டியில் அகப்படும், அடுத்த கரண்டியில் இருக்காது. சராசரி எடுத்தால் எல்லாம் நலம். மூச்சில் போவது சராசரி இல்லை, ஒரு துகள்.

ப்ரூம்ஃபீல்டு 2020இல் அந்தச் சாலைத் திட்டத்திலிருந்து விலகியது. வீடு வாங்குவது உங்கள் முடிவு. ஒன்று மட்டும் செய்யுங்கள்: வரைபடத்தில் 903 திடலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து காற்று போகும் கிழக்கு, தென்கிழக்குத் திசையில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஐந்து மைல் தள்ளி வடக்கே இருக்கும் வீடும் புகலிடத்தின் கிழக்கு எல்லையில் ஓடும் இந்தியானா தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடும் ஒன்றில்லை.

"இன்னும் யாராவது போராடுறாங்களா, இல்ல எல்லாம் ஓய்ஞ்சாச்சா?"

தலைகள் நரைத்துவிட்டன, ஓயவில்லை. 2015இல் புகலிடத்தில் காய்ந்த புல்லைத் திட்டமிட்டுக் கொளுத்தப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. புல்லோடு சேர்ந்து எது புகையாகும் என்று கேட்டு அதை நிறுத்தினார்கள். 2018 செப்டம்பரில் நடைபாதைகளைத் திறந்தபோது வழக்குகள் வந்தன, திறப்பு நிற்கவில்லை. ஆனால் டென்வர், போல்டர் உட்பட ஏழு பள்ளி மாவட்டங்கள் பிள்ளைகளை அங்கே சுற்றுலா அழைத்துப் போவதில்லை என்று முடிவெடுத்தன. இந்த முடிவுகளின் பின்னால் இருந்தவர்களில் பலர் அம்மாக்கள், சிலர் அன்றைக்குத் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள்.

பிட் செய்யும் வேலையும் முடிந்துபோகவில்லை. நியூ மெக்சிகோவின் லாஸ் அலமாஸிலும் தென் கரோலினாவின் சவானா ரிவரிலும் வருடத்துக்கு 80 பிட் செய்யத் திட்டம். சுற்றுச்சூழல் ஆய்வைச் சரியாகச் செய்யவில்லை என்று அங்குள்ள குடிமக்கள் குழுக்கள் போட்ட வழக்கில் 2024இல் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

"கடைசியா ஒண்ணு. நீங்க அங்க வாக்கிங் போவீங்களா?"

ஒருமுறை போனேன், இலையுதிர்காலத்தில். பழைய ஆலையின் தடயமே இல்லை. தூரத்தில் எல்க் மான்கள் மேய்ந்தன, அழகான இடம். காற்று இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போயிருந்தேன். பாதி வழியில் மேற்கிலிருந்து காற்று எழுந்தது, நடைபாதை மண் கணுக்கால் உயரத்துக்குக் கிளம்பியது. துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டு வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் குழாயடியில் கழுவினேன். பக்கத்து வீட்டுக்காரர் வாரம் இருமுறை நாயோடு அங்கே போய் வருகிறார், நன்றாகத்தான் இருக்கிறார். மாமனாரை மட்டும் அழைத்துப் போகவில்லை. காரிலிருந்தே பார்த்தார்.